வாட்டம் பார்த்து மண் எடுக்கும் சின்ன வண்டி

ஒரு சென்ட் நிலத்தை ஓரடி உயர்த்த எத்தனை யூனிட் மண் வேண்டும்? திருவள்ளூர் மாவட்டத்தில் டிப்பர் ஓட்டுபவர்களுக்கு இது விரல்நுனிக் கணக்கு. யூனிட் என்றால் 100 கன அடி. சென்ட் என்றால் 435.6 சதுர அடி. ஆக, நாலேகால் யூனிட்டுக்குச் சற்று மேல். ஆனால் அந்த அளவு மண்ணை மட்டும் வாங்கிக் கொட்டியவர் ஏமாந்துபோவார். தரையில் இறுகிக் கிடக்கும் மண்ணை வெட்டி எடுத்தால் இடையில் காற்று புகுந்து கால் பங்கு பெருக்கும். களிமண் என்றால் அதற்கும் மேலே. லாரியில் வருவது இந்தப் பெருத்த மண். ரோலர் ஏறியதும் அது பழைய அளவுக்கோ அதைவிடக் குறைவாகவோ சுருங்கும். அதனால் சென்ட்டுக்கு ஐந்தரை முதல் ஆறு யூனிட் வரை வேண்டியிருக்கும். ஏக்கருக்கு 600 யூனிட் வரை போகலாம். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் இருநூறு நடை.

நிலத்தைத் துப்புரவாக்கி மட்டப்படுத்தும் தொழிலில் புதிதாக இறங்குபவர்கள் முதல் ஒப்பந்தத்தில் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். இயந்திரத்துக்குத் தவணை கட்டத் தெரிந்திருக்கும், மண்ணின் பெருக்கமும் சுருக்கமும் தெரிந்திருக்காது.

இந்தத் தொழிலுக்கு இன்று தமிழ்நாட்டில் வேலை குவிந்து கிடக்கும் இடங்களில் ஒன்று திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரம். சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் தேசிய நெடுஞ்சாலையின் இருபுறமும் கிடங்குகள் எழுகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் தேர்வாய் கண்டிகை சிப்காட்டும் ஏற்கெனவே இயங்குகின்றன. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை ஏறத்தாழ 133 கி.மீ. நீளத்துக்குச் சென்னை எல்லைச் சாலை உருவாகிறது. சித்தூரிலிருந்து தச்சூருக்கு ஆறுவழிச் சாலை வருகிறது. மப்பேட்டில் 184 ஏக்கரில் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. சாலை போகும் இடமெல்லாம் பக்கத்து நிலங்கள் கைமாறுகின்றன. கைமாறிய நிலத்தில் முதலில் வந்து நிற்பது மண்வாரி இயந்திரம்.

அந்த இயந்திரங்கள் பிறப்பதும் இதே மண்ணில்தான். திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நடத்திய மண்வாரி இயந்திரப் பிரிவு 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேட்டர்பில்லர் கைக்கு வந்தது. சுரங்க டிரக்குகளும் லோடர்களும் செய்யும் அந்நிறுவனம் திருவள்ளூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 500 கோடி ரூபாயில் விரிவாக்கம் செய்ய 2024 செப்டம்பரில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டியில் கோபெல்கோவின் எக்ஸ்கவேட்டர் ஆலை. கும்மிடிப்பூண்டியிலேயே டூசான் பாப்கேட் ஆலை. 2019இல் இந்தியச் சந்தைக்குப் பேக்ஹோ லோடரைக் கொண்டுவந்த அந்த ஆலையில் பிறகு ஸ்கிட் ஸ்டீயர் லோடரும் தயாராகத் தொடங்கியது. ஊர்க்காரர்கள் எந்த நிறுவனத்து ஸ்கிட் ஸ்டீயராக இருந்தாலும் அதை ‘பாப்கேட்’ என்றே சொல்கிறார்கள். இந்தக் கட்டுரையின் நாயகன் அந்தச் சின்ன வண்டிதான்.

அதன் கதை வான்கோழிப் பண்ணையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராத்சே என்ற சிற்றூரில் லூயி கெல்லர், சிரில் கெல்லர் என்ற அண்ணன் தம்பி இருவரும் பட்டறை வைத்திருந்தார்கள். எடி வேலோ என்ற வான்கோழிப் பண்ணைக்காரருக்கு ஒரு தொல்லை. இரண்டடுக்குக் கொட்டகையில் மேல்தளத்து எருவை வாரவேண்டும். தளம் தாங்கும் அளவுக்கு வண்டி இலகுவாக இருக்கவேண்டும். தூண்களுக்கு நடுவே நின்ற இடத்திலேயே திரும்பவும் வேண்டும். 1957 பிப்ரவரியில் கெல்லர் சகோதரர்கள் மூன்று சக்கர லோடர் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். முன் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே முன்னும் பின்னும் சுழலும்; பின்னால் இருந்த ஒற்றைச் சக்கரம் போன போக்கில் திரும்பிக்கொள்ளும். அடுத்த ஆண்டு வட டகோட்டாவின் மெல்ரோ நிறுவனம் இருவரையும் அழைத்துக்கொண்டது. 1960இல் எம்-400 என்ற நான்கு சக்கர வண்டி வந்தது. 1962இல் பாப்கேட் என்ற பெயர் சூட்டப்பட்டது. 2023இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் சகோதரர்களுக்கு இடம் கிடைத்தபோது இருவருமே உயிரோடு இல்லை.

நான்கு சக்கரம் வைத்ததில்தான் அறிவியல் சுவையானது. இந்த வண்டிக்கு ஸ்டீயரிங் கிடையாது. சக்கரங்கள் எந்தப் பக்கமும் சாய்ந்து திரும்பாது. இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் சங்கிலியால் பிணைக்கப்பட்டு ஒன்றாகச் சுழலும், வலப்பக்கமும் அப்படியே. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஹைட்ராலிக் பம்ப், தனி மோட்டார். ஓட்டுபவர் லீவரைத் தள்ளத் தள்ள பம்புக்குள் இருக்கும் சாய்தட்டின் கோணம் மாறும். மோட்டாருக்குப் போகும் எண்ணெயின் அளவும் திசையும் மாறும். கிளட்ச் வேண்டாம், கியர் வேண்டாம். இடப்பக்கத்தை முன்னோக்கியும் வலப்பக்கத்தைப் பின்னோக்கியும் ஓடவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும்.

திரும்பாத சக்கரங்களோடு ஒரு வண்டி திரும்பவேண்டும் என்றால் ஏதாவது இரண்டு சக்கரம் பக்கவாட்டில் இழுபட்டாக வேண்டும். எந்த இரண்டு என்பதை எடைதான் தீர்மானிக்கிறது. பக்கெட் காலியாக இருக்கும்போது வண்டியின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு பின் அச்சில் இருக்கும்படி என்ஜினைப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அப்போது பின் சக்கரங்கள் தரையைக் கவ்வும், எடை குறைந்த முன் சக்கரங்கள் வழுக்கும். பக்கெட் நிறைந்ததும் கணக்கு தலைகீழாகி முன் அச்சு கனக்கும், பின் சக்கரங்கள் வழுக்கும். எடை இரண்டு அச்சிலும் சமமாக இருந்தால் நான்கு டயரும் தரையோடு மல்லுக்கட்டும், திரும்புவது பெரும்பாடாகிவிடும். சமநிலை இல்லாததே இந்த வண்டிக்கு வசதி.

இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேய்கிறது. ஆலைக்குள் காங்கிரீட் தரையில் சுற்றிச் சுற்றித் திருப்பும் ஆபரேட்டர் முதலாளியின் பணத்தைத் தரையில் தேய்க்கிறார் என்றே சொல்லவேண்டும். கொஞ்சம் முன்னே போய், கொஞ்சம் பின்னே வந்து, இரண்டு மூன்று எட்டில் திருப்புபவரின் டயர் நீண்ட நாள் உழைக்கும். நல்ல ஆபரேட்டருக்குக் கூடுதல் பேட்டா கொடுப்பது டயர் வாங்குவதைவிட மலிவு.

ஆனால் இந்த வண்டியால் எதுவும் முடியும் என்று நம்பி வாங்குவது தவறு. சுமார் இரண்டேகால் டன் எடையுள்ள நடுத்தர ஸ்கிட் ஸ்டீயர் ஒரு தடவையில் 600 கிலோ அளவுக்குத் தூக்கும். ஒரு யூனிட் மண்ணை அள்ள ஏழெட்டு வாரல் வேண்டும். ஓர் ஏக்கரில் ஓரடி மண் அடிக்க நான்காயிரம் வாரலுக்கு மேல். அந்த வேலைக்குப் பெரிய லோடரும் டோசரும் இருக்கின்றன. ஜேசிபி என்று எல்லாரும் சொல்லும் பேக்ஹோ லோடர் ஏழரை டன் எடை கொண்டது, பள்ளமும் தோண்டும், சாலையில் தானே ஓடியும் வரும். அதோடு போட்டி போட்டால் சின்ன வண்டி தோற்கும்.

சின்ன வண்டிக்கு உரிய இடம் வேறு. கூரை போட்டுவிட்ட ஷெட்டுக்குள் தரைக்கு ஜல்லி பரப்பவேண்டும். தூண்களுக்கு இடையே பெரிய வண்டி நுழையாது. சுற்றுச்சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஆறேழடிச் சந்து. பழைய ஆலையின் வளாகத்தில் குழாய்களுக்கு நடுவே முளைத்த புதர். பத்தடித் தெருவுக்குள் இருக்கும் மனை. இங்கெல்லாம் ஜேசிபியால் பாதி வேலைதான் ஆகும், மீதியைக் கூலியாட்கள் மண்வெட்டியால் செய்தார்கள். அந்த மீதிப் பாதிதான் இளம் தொழில்முனைவோருக்குத் திறந்திருக்கும் வாசல். பக்கெட்டைக் கழற்றிவிட்டுத் துளைபோடும் ஆகரையோ, முள்ளைக் கவ்வும் கிராப்பிளையோ, தரை கூட்டும் பிரஷையோ சில நிமிடங்களில் மாட்டலாம். ஒரே வண்டி, நாலைந்து தொழில். சேற்று நிலத்துக்கு ரப்பர் டிராக் போட்ட வகையும் இருக்கிறது. எடை பரந்து விழுவதால் அது புதையாது. அதன் அனுமதிக்கப்பட்ட சுமையைக் கவிழ்சுமையில் (வண்டி முன்பக்கமாகக் கவிழத் தொடங்கும் சுமை) 35 விழுக்காடாகவும், சக்கர வண்டிக்கு 50 விழுக்காடாகவும் கணக்கிடுவது பன்னாட்டு வழக்கம். விற்பனைத் தாளில் இரண்டையும் ஒப்பிடுபவர் இந்த வேறுபாட்டை மனதில் வைக்கவேண்டும்.

இந்த வட்டாரத்தில் துப்புரவு என்றாலே சீமைக் கருவேலம்தான். மெக்சிகோ, கரீபியன் பகுதிகளைச் சேர்ந்த இந்த மரம் 1870களில் ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் வழியாகச் சென்னை மாகாணத்துக்குள் நுழைந்தது. விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்கக் கொண்டுவந்த மரம் இன்று ஏரிக்கரை, வரத்துக்கால்வாய், தரிசு என்று எதையும் விடவில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கக் குழியில் இந்த இனத்து மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் கண்டெடுக்கப்பட்டது அறிவியல் இதழ்களில் பதிவாகியுள்ளது.

ஆனால் துப்புரவுக்காரர் அவ்வளவு ஆழம் தோண்டத் தேவையில்லை. கருவேலம் மீண்டும் துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் உறங்கும் மொட்டுகளிலிருந்து. அது தரைமட்டத்துக்குக் கீழே ஓரடிக்குள் இருக்கிறது. அரிவாளாலோ ரம்பத்தாலோ தரைக்கு மேலே வெட்டினால் ஒரு தண்டு போன இடத்தில் பத்துத் தண்டு கிளம்பும். வாடிக்கையாளர் ஆறு மாதம் கழித்து வந்து பார்த்துவிட்டு, காசைத் திருப்பிக் கேட்பார். பக்கெட்டின் பல்லைத் தூருக்குக் கீழே கொடுத்து, வேர்க்கழுத்தோடு நெம்பி எடுத்தால் அந்த மரம் முடிந்தது. மழை விட்டுச் சில நாள் கழித்து, மண் ஈரம் காயாத பதத்தில் செய்தால் பாதி டீசலில் வேலை முடியும். கோடையில் இறுகிய களியில் அதே தூர் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிவிடும்.

மரம் போனாலும் விதை போகாது. கடினமான தோலுள்ள அந்த விதைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆடும் மாடும் காய்களைத் தின்று சாணத்தோடு பரப்பும். அடுத்த இரண்டு மழைக்காலம் நாற்றுகளைக் கையால் பிடுங்கவேண்டும் என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதிவிடுவது நேர்மை. அயல் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்கத் தமிழக அரசு 2022இல் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. பிடுங்கிய மரத்துக்குச் சந்தையும் உண்டு: கரிமூட்டம், செங்கல் சூளை. அந்த முள்ளை வெட்டிக் கரி சுட்டுப் பிழைக்கும் இருளர் குடும்பங்கள் இம்மாவட்டத்தில் ஏராளம். பாம்புகளை அவர்களைவிட அறிந்தவர்களும் இல்லை. புதருக்குள் வண்டி நுழைவதற்கு முன் அவர்களில் ஒருவரை அழைத்துச் சென்று பார்க்கச் சொல்வது கண்ணாடி விரியனுக்கும் நல்லது, ஆபரேட்டருக்கும் நல்லது. விறகையும் அவர்களுக்கே கொடுத்தால் அப்புறப்படுத்தும் செலவு மிச்சம்.

எல்லா மரமும் கருவேலம் இல்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. காலி நிலம் என்று காகிதத்தில் இருப்பதும் உண்மையில் காலியாக இருக்கவேண்டும் என்பதில்லை. தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் சிப்காட்டுக்கு ஒதுக்கப்பட்டபோது, தாங்கள் தலைமுறைகளாக மாடு மேய்த்த மேய்க்கால் காடு அது என்று கிராமத்து மக்கள், பெரும்பாலும் தலித் மக்கள், எதிர்த்து நின்றார்கள். அங்கே டயர் ஆலை கட்டிய மிஷலின் நிறுவனத்தின் மீது 2012இல் பிரான்ஸ் நாட்டிலேயே முறையீடு போனது. பெரிய நிறுவனங்களுக்கு வழக்கறிஞர்கள் உண்டு. ஒற்றை வண்டிக்காரர் அப்படிப்பட்ட நிலத்தில் இறங்கினால் முதல் கல்லடி அவர் கண்ணாடியில்தான் விழும். பட்டா, புலவரைபடம் இரண்டையும் பார்க்காமல் சாவியைத் திருகக்கூடாது.

முள் போனபின் மண். மேலே உள்ள அரையடி மண் தழையும் வேரும் கலந்தது. அதை வழித்துத் தனியே குவிக்கவேண்டும். தோட்டம் போட உதவும். சோம்பலில் அதன் மேலேயே கிராவல் கொட்டினால் உள்ளே இருப்பது மட்கும், வெற்றிடம் உண்டாகும், இரண்டு வருடத்தில் தரை உட்காரும். அதன் மேல் போட்ட காங்கிரீட் விரியும்.

மண்ணை எப்படி இறுக்குவது என்பதற்கு அறிவியல் விடை 1933இல்தான் கிடைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் குடிநீர்த் துறையில் மண் அணைகள் கட்டிய ரால்ஃப் ப்ராக்டர் என்ற பொறியாளர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: ஒரே மண், ஒரே இடி, ஆனால் சில நாள் நன்றாக இறுகுகிறது, சில நாள் இறுகுவதில்லை, ஏன்? விடை ஈரத்தில் இருந்தது. காய்ந்த மண்ணில் துகள்கள் உராய்ந்து நகர மறுக்கும். கொஞ்சம் நீர் சேர்ந்தால் அது மசகாகி, துகள்கள் வழுக்கி நெருங்கும். நீர் மிகுந்துவிட்டால் துகள்களுக்கு இடையே அதுவே இடத்தை அடைத்துக்கொள்ளும்; நீரை அமுக்கிச் சுருக்க முடியாது. கொழுக்கட்டை மாவு பிசைபவர்கள் அறிந்த பதம் இது. ஒவ்வொரு மண்ணுக்கும் அது மிக நன்றாக இறுகும் ஈரம் ஒன்று உண்டு. அதைக் கண்டறியும் ப்ராக்டர் சோதனை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 2720 வரிசையில் ஏழாம், எட்டாம் பகுதிகளாக இருக்கிறது. ஏழாம் பகுதியின்படி, ஒரு லிட்டர் அச்சில் மூன்று அடுக்காக மண்ணைப் போட்டு, 2.6 கிலோ சம்மட்டியால் அடுக்குக்கு 25 இடி. ஆலைத் தளங்களுக்கு ஒப்பந்தத்தில் ‘95 விழுக்காடு ப்ராக்டர்’ என்று எழுதியிருப்பது இந்தச் சோதனையில் கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 95 விழுக்காடு.

ஆய்வகம் இல்லாத இடத்தில் மேஸ்திரிகள் மண்ணைக் கையில் பிடித்து உருட்டிப் பார்க்கிறார்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்கவேண்டும். கையில் ஈரம் ஒட்டினால் ஒரு நாள் ஆறவிடவேண்டும். முக்கியமான விதி, ஒரே தடவையில் இரண்டடி மண்ணைக் கொட்டி மேலே ரோலர் ஓட்டுவது வீண். அழுத்தம் மேல் முக்காலடிக்குக் கீழே சரியாக இறங்காது. முக்காலடி பரப்பு, ஈரம் பார், ரோலர் ஓட்டு, மறுபடி பரப்பு. நேரம் பிடிக்கும். நேரத்தை மிச்சம்பிடிக்கிறேன் என்று சொல்லும் ஒப்பந்ததாரர் எதை மிச்சம்பிடிக்கிறார் என்று நில உரிமையாளர் கேட்கவேண்டும்.

இந்தத் தொழிலின் உயிர்நாடி வாட்டம். தரை கண்ணுக்கு மட்டமாகத் தெரியவேண்டும். தண்ணீருக்குச் சரிவாகத் தெரியவேண்டும். நூறடிக்கு ஓரடி இறக்கம் கொடுத்தால் தண்ணீர் தானாக நடக்கும். இதற்கு லேசர் லெவல் வந்துவிட்டது. அது இல்லாதவர்கள் கொத்தனார்களின் தண்ணீர் டியூப்பை வைத்தே சரியாகப் பார்த்துவிடுகிறார்கள். ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் ஓர் ஏக்கரில் விழும் நீர் 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 33 நடைக்கு மேல். அதில் பாதி தப்பான பக்கம் ஓடினாலே சுற்றுச்சுவர் சாயும்.

சரி, அந்தத் தண்ணீர் எங்கே போகவேண்டும்? இங்கேதான் திருவள்ளூர் மற்ற மாவட்டங்களைப் போல எளிதானதில்லை. ஏரிகள் சங்கிலி சங்கிலியாக இருக்கும் நாடு இது. ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே உபரி நீர் அடுத்த ஏரிக்கு, அங்கிருந்து ஆரணியாற்றுக்கோ கொசஸ்தலையாற்றுக்கோ, கடைசியில் பழவேற்காடு, எண்ணூர்க் கழிமுகங்களுக்கு. நிலம் கடலை நோக்கி மிக மெதுவாகச் சாய்கிறது. சாய்வு குறைவான நிலத்தில் ஒருவர் இரண்டடி மண் அடித்தால் பக்கத்து வயல் குளமாகிறது. தூர்ந்துபோய்ப் புதர் மண்டிய பள்ளம் போலத் தெரிவது வரத்துக்கால்வாயாக இருக்கலாம். கோடையில் பார்த்தால் அது வெறும் முள். ஐப்பசியில் பார்த்தால் ஆறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது, இயந்திரங்கள் மூழ்கின. மழை மிகுதிதான், ஆனால் நீர் வெளியேறும் வழிகள் அடைபட்டதும் காரணம்.

ஏரி, கால்வாய் ஆகியவற்றை ஆக்கிரமிப்பதற்கு எதிராக 2007இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அதைவிடத் துப்புரவுக்காரரின் கண் விரைவாகச் செயல்படும். வண்டியில் உட்கார்ந்திருப்பவர்தான் நிலத்தை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார். “இந்தப் பள்ளத்தை மூடவேண்டாம், இதில் சிமெண்ட் குழாய் புதைத்து மேலே வழி விடலாம்” என்று நில உரிமையாளரிடம் சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும். இங்கே சின்ன வண்டி பெரிய வண்டியைவிட மேல். நிலத்தின் இயல்பான வாட்டத்தைக் கெடுக்காமல், தேவையான இடத்தில் மட்டும் வெட்டி, வெட்டிய மண்ணை அதே நிலத்தின் தாழ்ந்த மூலைக்கு நகர்த்த அதனால் முடியும். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு லோடு சவுடு மண்ணும் ஏதோ ஓர் ஊரில் பள்ளமாகிறது. வெளிமண் குறையக் குறைய வாடிக்கையாளருக்கும் செலவு குறையும்.

மண்ணுக்குள் வேறு சங்கதிகளும் உண்டு. கொசஸ்தலையாற்றுப் படுகையில் பூண்டி அருகே உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வு அவற்றில் பழமையானவை 15 லட்சம் ஆண்டுகள் முந்தியவை என்று 2011இல் நிறுவியது. இந்த மாவட்டத்துச் செம்மண் சரளையில் கைக்கோடரி கிடைப்பது நடக்காத காரியம் இல்லை. பொருள் ஏதும் தென்பட்டால் வண்டியை நிறுத்தி வட்டாட்சியருக்குச் சொல்லவேண்டும். புதிய சங்கதிகள் கேபிளும் எரிவாயுக் குழாயும். தோண்டும்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் இடங்களில் ஒளியிழைக் கேபிள் அறுபடுகிறது, 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று ஒன்றிய அரசு கணக்குச் சொல்கிறது. தோண்டும் முன் உரிய நிறுவனங்களுக்குத் தெரிவிக்க 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியையும் வெளியிட்டது. கைப்பேசியில் சில நிமிட வேலை.

பணக் கணக்குக்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டு: வண்டிக்காக 20 லட்சம் ரூபாய் கடன், 11 விழுக்காடு வட்டி, நான்கு ஆண்டு. மாதத் தவணை ஏறத்தாழ 51,700 ரூபாய். மாதம் 100 மணி நேரம் வேலை கிடைத்தால் மணிக்கு 517 ரூபாய் கடனுக்கே போகும். மணிக்கு ஐந்து லிட்டர் டீசல் என்று வைத்தால், லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய விலையில் இன்னொரு 450க்கு மேல். ஆபரேட்டர் சம்பளம், பேட்டா, டயர், ஃபில்டர், வண்டியை ஏற்றிச்செல்லும் லாரி வாடகை எல்லாம் இதற்கு மேலே. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வேலை 40 மணி நேரமாகச் சுருங்கினால் தவணை மட்டுமே மணிக்கு 1,290 ரூபாய் ஆகிவிடும். இக்கரையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது; வங்கிக்கு மழை தெரியாது. அதனால் கோடையில் சம்பாதிப்பதில் மூன்று மாதத் தவணையை ஒதுக்கிவைப்பதும், மழைக்காலத்தில் ஆலைக் கூரைக்கு உள்ளே செய்யும் வேலைகளுக்கு முன்கூட்டியே பேசிவைப்பதும்தான் பிழைக்கும் வழி.

கடனுக்கு அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. முத்ரா கடன் உச்சவரம்பு 2024 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில், முந்தைய கடனைச் சரியாக அடைத்தவர்களுக்கு 20 லட்சமாக உயர்த்தப்பட்டது. தமிழகத்தில் புதிய தொழில்முனைவோருக்கு மாவட்டத் தொழில் மையம் வழியாக நீட்ஸ் திட்டம் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடித் தொழில்முனைவோருக்கு 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியமும் 6 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு.

ஹவர் மீட்டரைப் பார்த்து வாடகை வாங்குவது வழக்கம். புதியவர்களுக்கு அது பாதுகாப்பு. மொத்தமாக ஒரு தொகை பேசுவது வேலையை நன்றாக அறிந்தவர்களுக்கே சரிவரும். ஏனென்றால் புதருக்குள் பழைய கிணறோ, கசடு கொட்டிய குழியோ இருந்தால் நட்டம் வண்டிக்காரர் தலையில் விழும். உருக்காலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டியில் பழைய மனையில் கறுத்த கசடு தென்பட்டால் அதை மண்ணென்று எண்ணி வேறிடத்தில் கொட்டக்கூடாது. உள்ளே என்ன உலோகம் இருக்கிறது என்று சோதிக்காமல் அதன்மேல் குழந்தைகள் விளையாடும் மனை போடுவது பெரும் தீங்கு.

பாதுகாப்பைப் பற்றி அழுத்திச் சொல்லியே ஆகவேண்டும். ஸ்கிட் ஸ்டீயரில் ஓட்டுபவர் முன்புறமாக, தூக்கும் கைகளுக்கு நடுவே நுழைந்து உட்காருகிறார். இந்த வண்டியில் நேரும் உயிரிழப்புகளில் பல, தூக்கி நிற்கும் கைக்குக் கீழே தலையையோ உடலையோ நீட்டியபோது கை இறங்கி நசுக்கியதால் நேர்பவை. இருக்கைத் தடுப்பை இறக்கினால்தான் கை அசையும்படி பூட்டு வைத்திருப்பது அதற்காகத்தான். தொந்தரவு என்று அந்தப் பூட்டின் ஒயரைக் கழற்றிவிடும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அந்த வண்டியில் வேலை செய்ய எந்த ஆபரேட்டரும் சம்மதிக்கக்கூடாது. சரிவில் போகும்போது கனமான முனை மேட்டுப்பக்கம் இருக்கவேண்டும்: பக்கெட் நிறைந்திருந்தால் முன்னோக்கி ஏறு, காலியாக இருந்தால் பின்னோக்கி ஏறு. முன்பு பார்த்த 70 விழுக்காட்டுக் கணக்குதான் இதற்கும் காரணம். சுமையைத் தரையை ஒட்டியே கொண்டுபோகவேண்டும். தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினால் வண்டியின் ஈர்ப்பு மையம் உயர்ந்து, குறுகிய அந்தச் சக்கர இடைவெளிக்கு வெளியே போய்விடும்.

கும்மிடிப்பூண்டி, பெரியபாளையம், பொன்னேரி பக்கம் இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் இளைஞர்கள் வண்டிக்கு முன்பணம் கட்டுமுன் ஒரு மழைக்காலத்தை அந்த நிலங்களிலேயே செலவிடவேண்டும். எந்தக் கால்வாயில் தண்ணீர் வருகிறது, எந்த ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம் பாய்கிறது, எந்தச் சாலை மூழ்குகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளவேண்டும். கிராமத்தில் ஏரித் தண்ணீர் பாய்ச்சிய முதியவர்களிடம் கேளுங்கள். புலவரைபடத்தில் இல்லாத வழிகளும் அவர்களுக்குத் தெரியும். அந்தக் குறிப்பேடு கையில் இருக்கும்போது, விலைப்புள்ளியோடு சேர்த்து இந்த நிலத்தின் தண்ணீர் எங்கே போகும் என்ற ஒரு படத்தையும் வாடிக்கையாளரிடம் கொடுங்கள்.